ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: பரிமாற்ற மாணவருக்கு முதல் மாதம்தான் முக்கியம்

ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கப் போகிறோம் என்றதும் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் பயமுறுத்துவார்கள். குளிரைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. அங்கேயே நல்ல ஜாக்கெட் கிடைக்கும், கட்டடங்களுக்குள் ஹீட்டர் இருக்கும். நம் மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது தபாலில் வரும் கடிதங்களிலும், தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதிகளிலும், பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான்.

முழுப் படிப்புக்குப் போகிறவருக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. முதல் செமஸ்டரில் தடுமாறினாலும் அடுத்ததில் எழுந்துகொள்ளலாம். பரிமாற்ற மாணவருக்கு மொத்தமே ஐந்தாறு மாதம். அதில் பாதியை ஊர் பழகுவதற்கே செலவழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐஐடியில் ஆரம்பித்து இன்று எத்தனையோ கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் இப்படிப் போய்வருகிறார்கள். போகிற எல்லாரும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்: அங்கே யாரும் தானாக வந்து உங்களுக்கு எதையும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் தெளிவாக, பொறுமையாகச் சொல்வார்கள். கேட்காமல் இருப்பவருக்கு எந்தக் குறையும் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

விமானம் ஏறும் முன்

முதலில் உங்கள் கல்லூரி நாட்காட்டியையும் அவர்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்கால செமஸ்டர் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். தேர்வுகள் அதற்குப் பிறகு, சில பாடங்களுக்கு மார்ச்சில்கூட நடக்கும். நம் ஊரில் ஜனவரியிலேயே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டு மாத மோதலை எப்படிச் சரிக்கட்டுவது, வருகைப்பதிவை யார் தளர்த்துவார்கள், தவறவிடும் இன்டர்னல் தேர்வுகளை எப்போது எழுதலாம் என்பதையெல்லாம் துறைத் தலைவரிடம் பேசி, கையெழுத்தோடு எழுத்தில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கலாம்பா’ என்று சொன்னவர் நீங்கள் திரும்பி வரும்போது அதே நாற்காலியில் இருப்பார் என்று நம்ப முடியாது.

பணம்: 2024 செப்டம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ‘பிளாக்டு அக்கவுன்ட்’ எனப்படும் முடக்கப்பட்ட கணக்கில் போட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்வது வழக்கமான முறை. உதவித்தொகை உள்ளவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும்.

வீடுதான் பெரிய தலைவலி. அனுமதிக் கடிதம் வந்த அன்றே பல்கலைக்கழக ஊரின் மாணவர் நலச் சங்கமான ஷ்டுடீரென்டன்வெர்க்கின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். தனியார் அறை தேடினால் ஒன்றை மறக்கவே கூடாது. ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று வீட்டுக்காரர் சொன்னால், அது மோசடி. எவ்வளவு அழகான புகைப்படம் இருந்தாலும் மோசடிதான். நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

சென்னையில் இருப்பவர்கள் கோத்தே நிறுவனமான மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 அளவு ஜெர்மனாவது படித்துவிட்டுப் போகலாம். பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் விடுதிக் காப்பாளர், நகர அலுவலக ஊழியர், பேருந்து ஓட்டுநர், வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் ஜெர்மனில்தான் பேசும்.

முதல் இரண்டு வாரம்: காகிதம், காகிதம்

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இதை ‘அன்மெல்டுங்’ என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடியிருப்பதாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப் படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரிய நகரங்களில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு, அதனால் ஊரிலிருந்தே இணையத்தில் நேரத்தைப் பதிந்துவிட்டுப் போவது நல்லது. பல வேலைகளுக்கு இந்த ஒரு தாள்தான் அடிப்படை. வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி, வரி எண் எல்லாம் இதைப் பின்தொடர்ந்துதான் வரும். விசா எத்தனை மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் அன்றே பாருங்கள். தேர்வு முடியும் தேதிக்கு முன்பே காலாவதியானால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் உடனே நேரம் கேட்க வேண்டும்.

இங்கே நம் பெயர்ச் சிக்கலைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். கயல்விழி என்ற மாணவியின் அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவர் ‘ஃப்ராவ் முருகேசன்’, அதாவது திருமதி முருகேசன். பேராசிரியரின் மின்னஞ்சலும் வங்கிக் கடிதமும் காப்பீட்டு அட்டையும் அந்தப் பெயருக்குத்தான் வரும்.

ஜெர்மன் முகவரியில் பொதுவாகத் தெருவும் கட்டட எண்ணும்தான் இருக்கும், வீட்டு எண் இருக்காது. இருபது வீடுகள் உள்ள கட்டடத்தில் தபால்காரர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெட்டியில் முந்தைய வாடகைதாரரின் பெயரே இருந்தாலோ, நீங்கள் ‘கயல்’ என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தாலோ, கடிதம் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் வேறொரு உறையிலும் வருகிற நாடு அது. அட்டை கைக்கு வந்து எண் வராமல் வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே பயணப் பெட்டியை இறக்கி வைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் அச்சிட்டுத் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுவது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு, நகர அலுவலகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதும்படி கேட்டு வாங்குங்கள். ஓர் இடத்தில் பெயர் முன்னும் பின்னுமாக ஆகிவிட்டால் அதைத் திருத்துவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

முகவரியைப் பதிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். எங்களிடம் டிவியே இல்லையே என்று பல மாணவர்கள் அதைக் குப்பையில் போடுகிறார்கள். போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ என்பது வீட்டுக்கு ஒரு கட்டணம், டிவி இருக்கிறதா என்பதைப் பொறுத்ததல்ல. பங்கு வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். பதிலே போடாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கு அரசுக் காப்பீடு மாதம் 140 யூரோவைத் தாண்டும். மலிவான பயணக் காப்பீட்டை நம்பிப் போகிறவர்கள், பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112, போலீஸ் 110. இரவில் காய்ச்சல், ஆனால் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றால் 116117 என்ற எண்ணில் பணியில் இருக்கும் மருத்துவரைப் பிடிக்கலாம். இந்த மூன்று எண்களையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

போன் இணைப்புக்கு ப்ரீபெய்ட் சிம் மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் காட்டும் அழகான சலுகைகளில் பல 24 மாத ஒப்பந்தங்கள்.

சமையலறை, சாவி, ஞாயிற்றுக்கிழமை

நம் மின்சாரமும் அவர்களுடையதும் ஒரே 230 வோல்ட். பிளக் மட்டும்தான் வேறு. நல்ல அடாப்டர் இருந்தால் சின்ன மிக்ஸி ஓடும். அலுமினிய குக்கரைத் தூக்கிக்கொண்டு போகுமுன் விடுதியில் எந்த அடுப்பு என்று கேளுங்கள், இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடேறாது. தாளிக்கும்போது ஜன்னலை முழுதாகத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கடுகும் மிளகாயும் கருகிய புகை நடைபாதைக்குப் போனால் புகை உணரி அலறும். சில விடுதிகளில் அது நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும், வீணாக வண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

குளிர்காலத்தில் ஜன்னலை அடைத்தே வைப்பது நம் இயல்பு. அங்கே தினமும் இரண்டு மூன்று முறை ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்றை மாற்றச் சொல்வார்கள். செய்யாவிட்டால் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அறைக்குள் போன அன்றே சுவர், தரை, மெத்தை, அடுப்பு என்று மூலை விடாமல் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும். குப்பை கொட்டச் சாவியில்லாமல் வெளியே வந்துவிட்டு, இரவில் பூட்டுத் திறப்பவரை அழைத்து நூறு யூரோவுக்கு மேல் கொடுப்பது நம் மாணவர்களிடம் அடிக்கடி நடக்கிற கதை. மாற்றுச் சாவி ஒன்றை நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.

குப்பையைப் பிரித்துப் போடுவது விடுதியில் சண்டை வருகிற முதல் விஷயம். காகிதம் தனி, பிளாஸ்டிக் உறை தனி, காய்கறிக் கழிவு தனி, மீதி தனி. ஊருக்கு ஊர் தொட்டியின் நிறம் மாறும், கூட இருப்பவரிடம் ஒருமுறை கேட்டால் போதும். தண்ணீர் பாட்டிலையும் கேனையும் எறியாதீர்கள். ஒருமுறை பயன்படும் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணமாக விலையிலேயே சேர்த்து வாங்கியிருப்பார்கள். சூப்பர்மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொன்றாக உள்ளே விட்டால் சீட்டு வரும். பில் போடும் இடத்தில் அதைக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள்.

ஞாயிறன்று கடைகள் கிடையாது. பெரிய ரயில் நிலையக் கடைகளும் சில ரொட்டிக் கடைகளும்தான் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கிவிட வேண்டும். ஞாயிறு முழுவதும், மற்ற நாள்களில் இரவு 10 முதல் காலை 6 வரையும் சத்தம் கூடாது. அந்த நேரத்தில் வாஷிங்மெஷின் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அவர் கோபக்காரர் என்று நினைக்க வேண்டாம், விதியைச் சொல்லிவிட்டு மறுநாள் சாதாரணமாக வணக்கம் சொல்வார்.

வகுப்பறையில்

நேர அட்டவணையில் 10 மணி என்று போட்டு ‘சி.டி.’ என்றிருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். ‘எஸ்.டி.’ என்றால் சரியாக 10. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அது கைதட்டல், நீங்களும் தட்டுங்கள்.

நம் மாணவர்கள் அதிகம் அடிபடுவது தேர்வுப் பதிவில். பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் தேர்வும் எழுதலாம் என்று நினைக்கிறோம். அங்கே தேர்வுக்குத் தனியாக இணையத்தில் பதிய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. தவறவிட்டால் செமஸ்டர் முழுக்க உட்கார்ந்திருந்தும் மதிப்பெண் வராது. பெரும்பாலான பாடங்களுக்கு இன்டர்னல் கிடையாது. விரிவுரைக்கு வருகைப்பதிவும் பெரும்பாலும் இல்லை. இறுதியில் ஒரே தேர்வு. இந்தச் சுதந்திரத்தில் ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. ஒரு செமஸ்டரின் முழுச் சுமை 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. முதன்முறை போகிறவர் 20 முதல் 24 வரை எடுப்பதே புத்திசாலித்தனம் என்பேன். கல்லூரி முழு 30-ஐ வற்புறுத்தினால் பேசிப் பாருங்கள். மதிப்பெண்ணில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் 1.3 என்றதும் அம்மா அழுவார். பழைய வினாத்தாள்கள் துறையின் மாணவர் குழுவிடம் இருக்கும், போய்க் கேட்டால் கொடுப்பார்கள்.

பேராசிரியரை அவர் நேரம் ஒதுக்கியிருக்கும் வேளையில் போய்ப் பாருங்கள். ‘எல்லாம் நன்றாகப் போகிறது சார்’ என்று சொல்லப் போக வேண்டாம். இன்ன சமன்பாடு புரியவில்லை, இன்ன ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம் வேலை செய்ய முடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். குழு வேலையில் உங்கள் பகுதி தவறாக இருந்தால் எல்லார் முன்னிலையிலும் நேராகச் சொல்வார்கள். அது வேலையைப் பற்றிய பேச்சு, உங்களைப் பற்றியதல்ல. அதே அளவுக்கு நீங்களும் ‘இது எனக்குச் சரியாகப் படவில்லை, காரணம் இது’ என்று சொல்லலாம். அப்படிச் சொல்பவரைத்தான் அவர்கள் மதிப்பார்கள். இன்னொன்று, தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது. நமக்கு அது ‘சரி’. அவர்களுக்கு அது ‘இல்லை’ போலவோ ‘தெரியவில்லை’ போலவோ படும். வாயைத் திறந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுங்கள். ‘முடித்துவிடுகிறேன்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டு முடிக்காமல் போவது அங்கே பெரிய குற்றம். முடியாது என்று முன்பே சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை.

பகுதி நேர வேலை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். உங்கள் அனுமதித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் ஐந்து மாதத்துக்கு வந்தவர் உணவகத்தில் பாத்திரம் கழுவி 500 யூரோ சேர்ப்பதைவிட, பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வாரம் சில மணி நேரம் இருப்பது பல மடங்கு மேல். கையில் ஒரு வேலைத் திறனும், பரிந்துரைக் கடிதம் எழுதும் அளவுக்கு உங்களைத் தெரிந்த ஒருவரும் கிடைப்பார்கள்.

தனிமை

டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். மறுநாள் காலை 8 மணிக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றியதும் இந்தியாவோடு நான்கரை மணி நேர வித்தியாசம். மாலை 6 மணிக்கு வகுப்பு முடிந்து போனை எடுத்தால் ஊரில் இரவு 10.30, வீட்டில் தூங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் வருகிற வெறுமையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்வெரே லிஸ்கார்டு என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய்வந்த ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்ற வளைவு அதிலிருந்துதான் பிரபலமானது. எல்லாருக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின, முதல் வாரத்திலேயே உடைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘எல்லாரும் ஜாலியாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன்’ என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மாணவர் நலச் சங்கங்கள் உளவியல் ஆலோசகரை வைத்திருக்கின்றன, மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை என்றால் போய் நேரம் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கும், அதனால் தள்ளிப்போடாமல் கேளுங்கள்.

நண்பர்கள் தானாகக் கிடைக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் போகிற ஏதாவது ஒன்றில் சேருங்கள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் சின்னக் கட்டணத்தில் பூப்பந்திலிருந்து நாட்டியம் வரை இருக்கிறது. பதிவு தொடங்கிய அன்றே இடம் நிரம்பிவிடும். நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுக்க, அவர் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற ‘டான்டெம்’ கூட்டாளி இன்னொரு நல்ல வழி. அங்கே சந்திப்பை இரண்டு வாரம் முன்னதாகவே குறித்துக்கொள்வார்கள். ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்று பொதுவாகச் சொன்னால் வர மாட்டார்கள். ‘வெள்ளி மாலை 7 மணிக்குத் தோசை சுடுகிறேன், வருகிறாயா?’ என்று கேட்டால் 7 மணிக்கு வாசலில் நிற்பார்கள். பிறந்தநாள் உங்களுக்கு என்றால் கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். முன்கூட்டியே வாழ்த்துச் சொல்வது அங்கே ஆகாது.

தமிழர்களைத் தேடிப் போகலாமா? தாராளமாகப் போங்கள். 1980-களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்கள் ஜெர்மனியில் ஊன்றி வளர்ந்திருக்கிறார்கள். ஹாம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் அவர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள். பல நகரங்களில் அவர்கள் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். நீங்கள் யார், எந்த ஊர், சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிற குரலும் கிடைக்கும். அது மனதுக்கு வேண்டியதுதான். ஆனால் ஏழு நாளும் நம் கல்லூரிக் கூட்டத்தோடே சமைத்து, நம் கல்லூரிக் கூட்டத்தோடே சுற்றிவிட்டுத் திரும்பினால், போகாமலே இருந்திருக்கலாம். அடுத்து பயணம். செமஸ்டர் கட்டணத்தோடு வருகிற பயணச்சீட்டில் எந்த ரயில் ஏறலாம் என்று முதலில் பாருங்கள். நாடு முழுவதும் செல்லுபடியாகும் சீட்டானாலும் வட்டார ரயிலுக்கு மட்டும்தான், விரைவு ரயிலான ஐ.சி.ஈ.-யில் ஏறினால் அபராதம். நம் கூட்டத்தோடு வாரம் ஒரு நாடு என்று ஓடாமல், வகுப்புத் தோழர் ஒருவரின் சொந்த ஊருக்கு ஒரு முறை போய்வாருங்கள்.

கிளம்பும் முன்

கடைசி வாரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும் என்பதால் ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நகர அலுவலகத்தில் முகவரியை நீக்குங்கள். நீக்கிய தாளைக் காட்டித்தான் காப்பீட்டையும் ஒளிபரப்புக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். விடுதி முன்பணம் வந்து சேர்ந்த பிறகு வங்கிக் கணக்கை மூடுங்கள். மதிப்பெண் பட்டியல் கைக்கு வர வாரங்கள் ஆகலாம், எந்த முகவரிக்கு, யார் அனுப்புவார்கள் என்று பரிமாற்ற அலுவலகத்தில் பேர் குறித்துக் கேட்டுவிடுங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த பேராசிரியரிடமோ ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடமோ சான்றுக் கடிதத்தை அங்கிருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் முகம் நினைவிருக்காது.

ஏற்கெனவே போய்த் திரும்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த விடுதியில் அறை கிடைத்தது, எந்தப் பாடத்தை நம் கல்லூரி ஏற்றுக்கொண்டது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்டார்கள் என்பதை இரண்டு பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, உங்கள் துறையில் அடுத்து போகிற தம்பி தங்கையிடம் கொடுங்கள். விமானச் சீட்டுக்கே கடன் வாங்கிப் போகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அந்த இரண்டு பக்கம் ஒரு மாதத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கும்.